கடைக்கே வராத பாட்டுகள்

1972-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் நான்கு இளைஞர்கள் ஒரு ஆல்பம் போட்டார்கள். குழுவுக்குப் பெயர் பிக் ஸ்டார். அது அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு மளிகைக்கடைச் சங்கிலியின் பெயர்தான். ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று தலைப்பு வைத்தார்கள். பாதி கிண்டல், பாதி ஆசை. பத்திரிகை விமர்சனங்கள் எல்லாம் பாராட்டாகவே வந்தன. ஆனால் விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. கடைக்குச் சரக்கே வரவில்லை.

காரணம் சலிப்பூட்டும் வியாபாரக் காரணம். அவர்களுடைய ஆர்டென்ட் நிறுவனம் சின்னது. அதன் தட்டுகளை விநியோகம் செய்தது ஸ்டாக்ஸ். ஸ்டாக்ஸ் கறுப்பின மக்களின் சோல் இசையை விற்றுப் பேர் வாங்கிய கம்பெனி. கிட்டார் பாப் வாங்கும் வெள்ளைக்காரப் பையன்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்பது அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அப்புறம் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. கொலம்பியாவுக்கு இந்தப் பையன்களிடம் அக்கறையே இல்லை. ஆல்பம் 10,000 பிரதிகூட விற்கவில்லை. குழுவில் இருந்த அலெக்ஸ் சில்ட்டன் யாரென்றே தெரியாத ஆளும் இல்லை. 1967-ல், 16 வயதில், 'த லெட்டர்' என்ற பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். அந்தப் பேர்கூடக் கைகொடுக்கவில்லை.

அந்த ஆல்பத்தில் 'தர்ட்டீன்' என்று ஒரு பாட்டு. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் விட்டதும் உன்னோடு வீடுவரை நடந்து வரட்டுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கிறான். இரண்டரை நிமிடம், கிட்டார், மெல்லிய குரல்கள். இதில் விசேஷம் என்னவென்றால், பெரியவர்கள் உட்கார்ந்து பழைய நாளை நினைத்து உருகும் தொனி அதில் இல்லவே இல்லை. பையன் பதற்றத்தோடு பேசுகிறான், அவ்வளவுதான். குழுவை முதலில் விட்டுப் போன கிறிஸ் பெல், 1978-ல் 'ஐ ஆம் த காஸ்மோஸ்' என்ற ஒரே ஒரு தனிப்பாட்டுத் தட்டைச் சின்னக் கம்பெனி ஒன்றில் வெளியிட்டார். அதே வருட டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 27. அவர் பாடி வைத்திருந்த மற்ற பாட்டுகள் ஆல்பமாக வந்தது 1992-ல். காதலில் தோற்ற ஆள் 'நானே இந்தப் பிரபஞ்சம்' என்று ஆரம்பித்து, இரண்டே வரியில் அது எதற்கும் உதவவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பாட்டுதான் 'ஐ ஆம் த காஸ்மோஸ்'. கிட்டார்கள் பெரிசாக முழங்கும். குரல் மட்டும் ஒடிந்து கிடக்கும்.

ஒரு பாட்டு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்தப் பாட்டு காரணமில்லை என்பதற்குப் பிக் ஸ்டார் நல்ல உதாரணம். இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு: பாட்டு திரும்பி வருவதற்கும் அதன் தரம் மட்டும் காரணமில்லை. பழைய டேப் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்த தம்பி, கார் விளம்பரம், ஸ்பாட்டிஃபையின் தானியங்கித் தேர்வு என்று திரும்பி வரும் வழிகள் பல. எந்த வழியாக வருகிறதோ, அந்த வழிதான் என்ன மாதிரிப் பாட்டு நம் காதுக்கு எட்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. இங்கே சொல்லப்போகும் பாட்டுகளை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

விநியோகம் கெடுத்தது ஒரு கதை என்றால், தட்டை அச்சிட்ட விதமே கெடுத்தது இன்னொரு கதை. லிண்டா பெர்ஹாக்ஸ் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் பல் மருத்துவமனை ஒன்றில் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். அங்கே வந்த நோயாளிகளில் ஒருவர் திரைப்பட இசையமைப்பாளர் லியோனார்ட் ரோசன்மன். பேச்சுவாக்கில் லிண்டா பாட்டு எழுதுவது தெரியவந்து, கேட்டுப் பார்த்த ரோசன்மன் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். 1970-ல் காப் ரெக்கார்ட்ஸ் வழியாக 'பாரலலோகிராம்ஸ்' வெளிவந்தது. கம்பெனி அதை ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி அடியும் உச்சமும் வெட்டி அச்சிட்டிருந்தது. ஸ்டுடியோவில் கேட்ட ஒலி தட்டில் இல்லை. லிண்டா கேட்டு வெறுத்துப்போய், பல் வேலைக்கே திரும்பிப் போய்விட்டார்.

அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைக் கேட்டால், வெட்டியதில் என்ன நஷ்டம் என்று புரியும். முதலில் சாதாரண கிட்டார் பாட்டு போலத்தான் போகும். வடிவியல் உருவங்களின் பெயர்கள் வட்டப்பாட்டு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நடுவில் திடீரென்று தாளம், மெட்டு எல்லாம் கழன்றுபோய் குரல்களும் மணியோசைகளும் எதிரொலிகளுமாக மிதக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி பழைய பாட்டு திரும்பி வரும். இதெல்லாம் அடி முதல் உச்சி வரை முழு ஒலியும் இருந்தால்தான் வேலை செய்யும். 1998-ல் மைக்கேல் பைப்பர் என்பவர் தன் சின்ன நிறுவனம் மூலம் இதை மறுபதிப்புச் செய்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது பழைய தட்டின் ஒலிதான். பிறகு லிண்டாவையே தேடிக் கண்டுபிடித்து, அவரிடம் இருந்த நல்ல டேப்புகளிலிருந்து அடுத்த பதிப்பைக் கொண்டுவந்தார். லிண்டாவின் இரண்டாவது ஆல்பம் 2014-ல் வந்தது. முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் இடையே 44 வருடம். தலைப்புப் பாட்டு கொஞ்சம் மிரட்டலாக இருந்தால், மழையைப் பற்றிய 'சிமாக்கம் ரெயின்' பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இங்கிலாந்துக்குப் போனால், இந்த மாதிரிக் கதைகளில் ஒரே கட்டடம் திரும்பத் திரும்ப வரும். லண்டனின் செல்சி பகுதியில் ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடம். 1965-ல் அதை சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டுடியோவாக மாற்றினார்கள். தொடங்கிய இருவரில் ஒருவர் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜான் வுட். தயாரிப்பாளர் ஜோ பாய்ட் தன் கலைஞர்களை அழைத்து வந்து பதிவு செய்தது இங்கேதான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வஷ்டி பன்யன். 1965-ல், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் இவரை ஒரு பாப் நட்சத்திரமாக்கிவிடலாம் என்று பார்த்தார். அந்தக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டையே பாட வைத்தார். எடுபடவில்லை. 1968-ல் வஷ்டி தன் துணைவரோடு குதிரை வண்டி ஒன்றில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிக் கிளம்பிவிட்டார். பாடகர் டோனவன் அங்கே கலைஞர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஒன்றை அமைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். குதிரைக்குப் பெயர் பெஸ். வண்டி நகர நகர எழுதியவைதான் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' ஆல்பத்தின் பாட்டுகள். பெஸ்ஸுக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. 1969 கடைசியில் சவுண்ட் டெக்னிக்ஸில் பதிவாகி, 1970 டிசம்பரில் வெளிவந்து, சில நூறு பிரதிகள் விற்றது. வஷ்டி பாட்டையே விட்டுவிட்டார். பிள்ளைகளை வளர்த்தார், மாடு, குதிரை, வயல் என்று இருந்தார். 1990-களின் கடைசியில் இணையத்தில் தன் பெயரையே தேடியபோதுதான், தன் பழைய தட்டைச் சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குவது அவருக்குத் தெரிந்தது. 2000-ல் மறுபதிப்பு, 2005-ல் புது ஆல்பம்.

நேர்மையாகச் சொன்னால், அந்த முதல் ஆல்பம் எல்லோருக்கும் ஒத்துவராது. குரல் கிசுகிசுப்புக்கு ஒரு படி மேலே இருக்கும். பாட்டுகள் தாலாட்டுக்கும் குழந்தைப் பாட்டுக்கும் நடுவில் நிற்கும். முழுதாகக் கேட்டால் சிலருக்குத் திகட்டும். அதனால் வஷ்டியை அதற்கு முந்தைய பாட்டான 'ட்ரெயின் சாங்' வழியாக அணுகுவது நல்லது. 1966-ல் வந்த தனித்தட்டு. வடக்கே போகும் ரயிலில் ஒரு பெண். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவன் தன்னை ஏற்றுக்கொள்வானா என்று அவளுக்கே உறுதியில்லை. பக்கவாத்தியம் மிகக் குறைவு. இனிப்பு கொஞ்சமும் இல்லை. 42 வருடம் கழித்து, 2008-ல், ரீபாக் காலணிக் கம்பெனியின் அமெரிக்கக் கால்பந்து விளம்பரத்தில் இந்தப் பாட்டு வந்தது. முரட்டு ஆட்டக்காரர்கள் ஓட, பின்னணியில் இந்தக் குரல். பொருத்தமே இல்லாததுதான் பொருத்தமாக இருந்தது.

விளம்பரம் ஒரு பாட்டை மீட்டதற்கு இதைவிடப் பிரபலமான சம்பவம் நிக் டிரேக்குடையது. அவரும் சவுண்ட் டெக்னிக்ஸ் ஆள்தான். 1969-க்கும் 1972-க்கும் நடுவில் மூன்று ஆல்பம்; ஒன்றுகூடச் சரியாக விற்கவில்லை. 1974-ல், 26 வயதில் இறந்தார். 1999-ல் வோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் அவருடைய கடைசி ஆல்பத்தின் 'பிங்க் மூன்' பாட்டு ஒலித்த பிறகு, அவர் உயிரோடு இருந்தபோதும் அதற்குப் பின்னும் அதுவரை விற்றதையெல்லாம் தாண்டி அந்த ஆல்பம் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு அவரைக் கவனிக்கப்படாதவர் என்று யாரும் சொல்ல முடியாது; இந்தப் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிடலாம். அவருடைய அம்மாவை எடுக்க முடியாது.

மோலி டிரேக் 1915-ல் ரங்கூனில் பிறந்தவர். நிக் பிறந்ததும் ரங்கூனில்தான், 1948-ல். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது, மோலியும் சகோதரி நான்சியும் அங்கிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்தார்கள். தில்லியில் இருந்த காலத்தில் இருவரும் 'லாய்ட் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் அகில இந்திய வானொலியில் பாடினார்கள். போருக்குப் பின் மறுபடியும் ரங்கூன், பிறகு இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டில் குடும்பம். 1950-களில் மோலி வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து தானே எழுதிப் பாடியதை அவர் கணவர் டேப்பில் பதிந்து வைத்தார். மேடை, தட்டு, ரேடியோ எதற்காகவும் இல்லை. அந்த டேப்புகளைப் பிற்காலத்தில் சுத்தப்படுத்தித் தந்தவர் அதே ஜான் வுட். 2013-ல் அமெரிக்காவில் ஆல்பமாகப் பரவலாக வெளிவந்தபோது மோலி இறந்து 20 வருடம் ஆகியிருந்தது.

'ஐ ரிமெம்பர்' என்ற பாட்டை மட்டுமாவது கேளுங்கள். கணவனும் மனைவியும் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிறார்கள். அவளுக்குக் கணப்பின் வெளிச்சம் நினைவிருக்கிறது, அவனுக்குப் புகை நினைவிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அதே நாள், இரண்டு வேறு நாளாகப் பிரிகிறது. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. குரலில் ஒரு தேநீர் நேரத்து நாகரிகம். கடைசியில் வரும் வரி அந்த நாகரிகத்தை அப்படியே வைத்துக்கொண்டே கல்யாணத்தைக் கவிழ்த்துவிடுகிறது. நிக் டிரேக்கின் பாட்டுகளில் உள்ள அந்த விலகி நின்று பேசும் சோகம் எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பியானோவிலிருந்து வந்தது என்று இதைக் கேட்டபின் தோன்றும்.

இந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்டது ஸ்குவிரல் திங் என்ற சின்ன நிறுவனம். அந்தப் பெயர் ஒரு பாட்டு வரியில் வருகிறது. அந்தப் பாட்டை எழுதியவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

கோனி கான்வெர்ஸ் 1924-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க் போனார். 1950-களின் தொடக்கத்தில் அங்கே உட்கார்ந்து, தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, கிட்டார் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். இன்று அப்படிச் செய்யும் ஆயிரம் பேரைக் காணலாம். 1950-களில் அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறவர்கள் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். பாப் பாடகர்கள் அடுத்தவர் எழுதியதைப் பாடினார்கள். பாப் டிலன் நியூயார்க் வந்து சேர்ந்த 1961-ஆம் வருடத்தில்தான் கோனி சலித்துப்போய் அந்த ஊரைவிட்டு மிச்சிகனுக்குக் கிளம்பினார்.

போவதற்கு முன் நடந்த ஒரு காரியம் அவர் பாட்டுகளைக் காப்பாற்றியது. கேலிச்சித்திரப் படங்கள் எடுத்த ஜீன் டைட்ச் என்பவருக்கு வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பாடகர்களைப் பதியும் பழக்கம் இருந்தது. 1954-ல் அவர் வீட்டில் கோனி பாடினார். அதே வருடம் ஒருமுறை தொலைக்காட்சியிலும் தோன்றினார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மிச்சிகனில் ஆய்விதழ் ஒன்றில் ஆசிரியர் பணி பார்த்தார். 1974 ஆகஸ்ட்டில், ஐம்பது வயதில், குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதி வைத்துவிட்டு, தன் வோக்ஸ்வாகன் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

2004 ஜனவரியில் நியூயார்க்கின் டபிள்யூ.என்.ஒய்.சி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு டைட்ச் வந்திருந்தார். அப்போது அவருக்கு 79 வயது. தன்னிடம் இருந்த டேப்பிலிருந்து 'ஒன் பை ஒன்' என்ற பாட்டைப் போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் டான் ட்ஸூலா என்ற இளைஞர். அந்த ஒரு பாட்டு அவரை விடவில்லை. நண்பரோடு சேர்ந்து டைட்சின் டேப்புகளையும், கோனியின் தம்பி ஃபிலிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவற்றையும் திரட்டி 2009-ல் 'ஹவ் சேட், ஹவ் லவ்லி' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

அதில் 'டாக்கிங் லைக் யூ' என்ற பாட்டுதான் நான் யாருக்கும் முதலில் போட்டுக் காட்டுவது. இரண்டு உயர்ந்த மலைகளுக்கு நடுவே ஒருத்தி தனியாக வாழ்கிறாள். தனிமை என்றால் என்னவென்றே தெரியாது என்கிறாள். காரணம், சுற்றியிருப்பது எல்லாமே போய்விட்ட அந்த ஆளைப் போலவே இருக்கிறது. மரத்தில் அணில் மாதிரி ஏதோ ஒன்று கத்துகிறது. நாம் போட்ட சண்டை மாதிரியே இருக்கிறது. முற்றத்தில் வளர்க்கும் பன்றிகள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வந்துவிடுகின்றன. நீயும் அப்படித்தான் வருவாய். சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்குவோம். ஆளைப் பன்றி என்கிறாளே என்று ரசிப்போம். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், பன்றியிலும் அணிலிலும் அவனையே பார்க்கும் ஒருத்தி எவ்வளவு ஏங்கிப்போயிருப்பாள் என்பது உறைக்கும். மெட்டும் அப்படித்தான்: நாட்டுப்புறப் பாட்டு மாதிரி நேராகப் போய்க்கொண்டே, எதிர்பாராத சுரத்துக்கு நழுவித் திரும்பும். 'ஒன் பை ஒன்' இதற்கு நேர் எதிர். இருட்டில் தனித்தனியாக நடக்கும் மனிதர்கள். நகைச்சுவை சுத்தமாக இல்லை.

ஜெர்மனியின் சிபில் பையர் கதையும் இதே ரகம், ஆனால் சந்தோஷமான முடிவோடு. விம் வெண்டர்ஸின் 'ஆலிஸ் இன் த சிட்டீஸ்' படத்தில் சின்ன வேடத்தில் வந்தவர். 1970 முதல் 1973 வரை வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பாட்டுகளைப் பதிந்தார். பிறகு அமெரிக்காவில் குடும்பம். அம்மாவின் அறுபதாவது வயதையொட்டி, மகன் அவற்றைச் சி.டி.யாக்கி வீட்டாருக்குக் கொடுத்தார். ஒரு பிரதி டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் கைக்குப் போய், அவர் மூலம் ஒரு சிறு நிறுவனத்துக்குப் போய், 2006-ல் 'கலர் கிரீன்' ஆகியது. முதல் பாட்டு 'டுநைட்'. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். எதிர்பாராமல் அவன் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான், மடியில் பூனை. இதைவிடச் சாதாரணமான காட்சியில் பாட்டு ஆரம்பிக்க முடியாது.

கோனி, மோலி, சிபில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூவரையும் மீட்டது ஒரு மனிதச் சங்கிலி. டேப்பைத் தூக்கிப்போடாத ஒருவர், அதைக் கேட்டு நின்றுபோன ஒருவர், தன் பணத்தைப் போட்டு வெளியிட்ட ஒருவர். சந்தைக்கென்று எழுதாததால் இந்தப் பாட்டுகள் வேறு எது மாதிரியும் இல்லை. அந்த விசித்திரமே அவர்களை ஈர்த்தது.

இப்போது கணினி வழியாகத் திரும்பி வந்த பாட்டுகளைப் பாருங்கள். 1990-களில், பெரிய கம்பெனிகளைச் சாராத 'இண்டி' இசையில் பேவ்மென்ட் குழு பெரிய பெயர். அவர்களுடைய 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்', ஆல்பம் எதிலும் சேராமல் ஒதுக்கப்பட்ட பாட்டு. 1999-ல் இன்னொரு பாட்டின் தட்டில் துணைப்பாட்டாகப் போனது. அது இன்று ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய மற்ற எல்லாப் பாட்டையும் முந்திவிட்டது. அதேபோல் கேலக்ஸி 500 குழுவின் 'ஸ்ட்ரேஞ்ச்' (1989). அந்தக் குழுவின் டிரம்மர் டேமன் க்ருக்கௌஸ்கி இதைத் துருவி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2017 ஜனவரியில், நாம் போட்ட பாட்டு முடிந்ததும் தானாக அடுத்ததைப் போடும் வசதி ஸ்பாட்டிஃபையில் எல்லோருக்கும், கேட்காமலே இயங்கும் ஏற்பாடாக ஆனது. அந்த மாதத்திலிருந்துதான் 'ஸ்ட்ரேஞ்ச்' கிடுகிடுவென ஏறியது. அந்த வசதி ஒரு குழுவின் புகழ்பெற்ற பாட்டைத் தேடுவதில்லை. சற்றுமுன் கேட்ட வேறொரு பாட்டுக்கு ஒலியில் நெருக்கமானதைத் தேடுகிறது. கேலக்ஸி 500 பாட்டுகளில் மற்ற குழுக்களின் பாட்டு மாதிரி இருப்பது 'ஸ்ட்ரேஞ்ச்' ஒன்றுதான். மற்றவை எல்லாம் அவர்கள் மாதிரியே இருக்கின்றன.

இரண்டும் நல்ல பாட்டுகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இயந்திரம் ஒத்தது தேடுகிறது, ஒவ்வாதது அதன் வலையில் கடைசியாகத்தான் விழும். ஒரு மனிதர் முதலில் எடுத்துக்கொடுத்து, ஆயிரக்கணக்கானோர் கேட்ட பிறகு இயந்திரமும் கோனியைப் பரிந்துரைக்கிறது, சரி. முதல் ஆளாக அது அவரைக் கண்டுபிடித்திருக்காது.

மனித வழிக்கும் ஒரு கோளாறு உண்டு. மனிதர்களுக்குக் கதை பிடிக்கும், அதிலும் சோகக் கதை. மறுபதிப்பு நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். உறையைத் திருப்பினால் முதல் பத்தியிலேயே துயரம் கொட்டும். அமெரிக்கப் பாடகி ஜூடி சில் என்றால் இளவயதில் செய்த கொள்ளையும் போதைப் பழக்கமும் 1979-ல் நேர்ந்த மரணமும்தான் எழுதப்படுகின்றன. 1973-ல் வந்த தன் இரண்டாவது ஆல்பமான 'ஹார்ட் ஃபுட்'டுக்கு வாத்திய இசைக்கோப்பை அவரே எழுதி, அவரே நடத்தினார் என்பது எட்டாவது பத்தியில் வரும். அந்த ஆல்பத்தின் 'த கிஸ்' பாட்டில் வயலின்கள் குரலுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு, அந்த எட்டாவது பத்தியை முதலில் படித்தால் போதும்.

பாடகர் ஜாக்சன் சி. ஃபிராங்க் கதை இன்னும் மோசம். 1954-ல் பள்ளிக்கூடத் தீவிபத்தில் 11 வயதில் உடல் வெந்து பிழைத்தவர். நஷ்டஈட்டுப் பணம் 21 வயதில் கைக்கு வந்ததும் கப்பலேறி இங்கிலாந்து போனவர். கடைசியில் வீடற்றவராக நியூயார்க் தெருக்களில் திரிந்தவர். 1965-ல் பால் சைமன் தயாரித்த ஒரே ஆல்பம்தான் அவர் உயிரோடிருந்தபோது வந்தது. பதிவின்போது தன்னை யாரும் பார்க்கக் கூடாதென்று சுற்றிலும் தடுப்பு வைக்கச் சொன்னாராம். அதில் உள்ள 'ப்ளூஸ் ரன் த கேம்' அந்தக் கப்பலில் எழுதியது. எந்த ஊருக்குப் போனாலும் துக்கம் கூடவே வரும் என்பதுதான் பாட்டின் சாரம். எழுதும்போது அவருக்கு இருபத்தொன்றோ இரண்டோ வயது. கையில் காசும் இருந்தது. பின்னால் வந்த வாழ்க்கையை முன்கூட்டியே பாடிவிட்டார் என்று உருகுவது சுலபம். கதையை மறந்துவிட்டு அந்த விரல்மீட்டலைக் கவனியுங்கள்: அவசரமே இல்லாமல், ஒரே சீராக உருண்டுகொண்டு போகும். சாண்டி டென்னி முதல் நிக் டிரேக் வரை பலரும் அதைப் பாடிப் பார்த்ததற்கு அந்த மீட்டல்தான் காரணம்.

சரி, இந்த மாதிரிப் பாட்டுகளை நாமாகத் தேடுவது எப்படி? தட்டின் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. நிக் டிரேக்கின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கு வயலின் கோத்துக் கொடுத்த ராபர்ட் கிர்பியின் பெயரைத் தேடினால் வஷ்டி வருவார். ஜான் வுட் என்று தேடினால் மோலி வருவார். மோலியை வெளியிட்ட நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளைப் பார்த்தால் கோனி. டிஸ்காக்ஸ் தளத்தில் யார் எந்தத் தட்டில் என்ன வேலை பார்த்தார்கள் என்பது ஒவ்வொரு பெயரையும் சொடுக்கும்படி கிடக்கிறது. நிறுவனங்களையும் இப்படிப் பின்தொடரலாம். சியாட்டிலின் லைட் இன் த ஆட்டிக் 2006-ல் பாடகி கேரன் டால்டனின் இரண்டாவது ஆல்பத்தை மீட்டுக் கொடுத்தது. அதன் முதல் பாட்டான 'சம்திங் ஆன் யுவர் மைண்ட்' இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பிடித்துப்போகலாம். அந்தக் கரகரப்பான குரலை முதல் தடவை கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. சிகாகோவின் நூமெரோ குரூப், சொந்தச் செலவில் சில நூறு தட்டுகள் மட்டும் அச்சிட்ட பெண் பாடகர்களின் பாட்டுகளைத் திரட்டி, அதே 2006-ல் 'லேடீஸ் ஃப்ரம் த கேன்யன்' என்ற தொகுப்பாகப் போட்டது. கேட்டதும் எல்லாமே கனடியப் பாடகி ஜோனி மிட்செல் சாயலில் இருப்பது போலத் தோன்றும். இரண்டு மூன்று பாட்டுகள் அந்தச் சாயலை உதறிவிட்டு நிற்கும். அவற்றைப் பொறுக்குவதில்தான் சுவாரசியம்.

இங்கிலாந்துப் பாடகர் பில் ஃபே இந்தத் தேடலின் இன்னொரு பலன். 1970-லும் 1971-லும் இரண்டு ஆல்பம், பிறகு கம்பெனி கைவிட்டது. பூங்கா பராமரிப்பு, மீன் பொட்டலம் கட்டுவது என்று கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பாட்டெழுதுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. அப்பாவின் அலமாரியில் அவருடைய தட்டைக் கேட்டு வளர்ந்த ஜோஷுவா ஹென்றி என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் தேடி வந்தார்; 2012-ல் 'லைஃப் இஸ் பீப்பிள்' வெளிவந்தது. மீட்கப்பட்டவர்கள் திரும்பிப் பாடும்போது பெரும்பாலும் மரியாதைக்காகத்தான் கேட்போம். இவர் விஷயத்தில் பழையதைவிடப் புதியது நன்றாக இருக்கிறது. 'த நெவர் எண்டிங் ஹேப்பனிங்' கேளுங்கள்: ஒரு பியானோ, அறுபது வயதைத் தாண்டிய ஒரு தளர்ந்த குரல். 2025-ல் 81 வயதில் காலமானார். அதற்குள் இன்னும் இரண்டு ஆல்பம் கொடுத்திருந்தார்.

எல்லோரும் மீட்கப்பட ஆசைப்பட்டவர்களும் இல்லை. நாட்டிங்காம் பக்கத்து ஆன் பிரிக்ஸ், இங்கிலாந்து நாட்டுப்புற இசையில் அவர் தலைமுறையின் மிகப்பெரிய குரல் என்று சொல்லலாம். 'பிளாக்வாட்டர் சைடு' என்ற மரபுப் பாட்டை கிட்டார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் இவரிடம்தான் கற்றார். ஜான்ஷின் கிட்டார் வடிவம் 1969-ல் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் வேறொரு பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஆனுக்குத் தன் குரலைப் பதிவில் கேட்பதே பிடிக்காது. 1973-ல் பதிந்த மூன்றாவது ஆல்பம் சரியில்லை என்று சொல்லி வெளியிட விடவில்லை. அது வந்தது 1996-ல். பாடுவதையும் அந்த 1970-களிலேயே நிறுத்திக்கொண்டார். வற்புறுத்தியவர்கள் நிறையப் பேர், அவர் பெரும்பாலும் மசியவில்லை. 1971-ல் டாபிக் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளுக்குப் பக்கவாத்தியமே கிடையாது. 'பிளாக்வாட்டர் சைடு' கிட்டாரோடு வரும். முதலில் அதைக் கேட்டுவிட்டு, அதே வருடம் வந்த 'த டைம் ஹேஸ் கம்' ஆல்பத்துக்குப் போங்கள். அதில் அவரே எழுதிய பாட்டுகள் இருக்கின்றன.